எம்.சி.ராஜா: வகுப்பறையிலிருந்து சட்டமன்றம் போன வாத்தியார்

சென்னை சைதாப்பேட்டையில் எம்.சி.ராஜா பெயரில் ஒரு கல்லூரி மாணவர் விடுதி இருக்கிறது. நம் பகுதிக் காலனிகளிலிருந்து பட்டணத்துக்குப் படிக்கப் போன பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். ஆனால், யார் அந்த ராஜா என்று கேட்டால் தலைவர், சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர் என்பதோடு பதில் நின்றுவிடும். பூனா ஒப்பந்தம் பற்றிப் படித்தவர்கள் ராஜா - மூஞ்சே ஒப்பந்தத்தைச் சொல்லி முகம் சுளிப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பாடப்புத்தகம் எழுதியவர். கல்விக் குழுக்களில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்று கேட்டவர். அந்தக் கேள்விக்காகவே அவரை இன்று நினைக்க வேண்டியிருக்கிறது.

பரங்கிமலைப் பையன்

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஜூன் 17 அன்று பரங்கிமலையில் பிறந்தார். இன்று பரங்கிமலை சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது செங்கல்பட்டு ஜில்லா. நமக்கும் அதே ஜில்லாதான். பரங்கிமலை ராணுவக் குடியிருப்பு இருந்த இடம். வெள்ளைக்கார அதிகாரிகளின் வீடுகளிலும் அலுவலகங்களிலும் வேலை கிடைத்ததால், ஊர்ப் பண்ணையாரின் பிடியிலிருந்து வெளியே வந்த தலித் குடும்பங்கள் அங்கே கொஞ்சம் இருந்தன. மாதச் சம்பளம் என்ற ஒன்று வந்த வீட்டில்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் துணிவும் வந்தது. ராஜாவின் வீடு அப்படிப்பட்ட வீடு.

ஜில்லாவின் மற்ற இடங்களில் நிலைமை வேறு. ராஜா சிறு பையனாக இருந்த 1891-இல், செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் வாழ்வு பற்றி ஓர் அறிக்கை எழுதி அரசுக்கு அனுப்பினார். படியாள் முறை, கடன், சொந்த வீட்டுமனைகூட இல்லாத நிலை ஆகியவற்றை அந்த அறிக்கை பதிவு செய்தது. 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் அரசாணை வந்ததற்கு அடிப்படை அந்த அறிக்கைதான். அதைத் தொடர்ந்து 1893-இல், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் திறக்கவும், அந்தச் சமூகத்திலிருந்தே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் வழி செய்யும் கல்வி ஆணையும் வந்தது. பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்று அதைப் பின்னால் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிட்டார்கள். நிலத்தைப் பற்றிய அறிக்கை பள்ளிக்கூடத்துக்கும் வழி திறந்தது. அந்த வழி நம் ஜில்லாவிலிருந்து தொடங்கியது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டே, 1894-இல், ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அடையாறில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். சில ஆண்டுகளில் அவை ஐந்து பள்ளிகளாக வளர்ந்தன. இந்தப் பிள்ளைகள் அதிக ஆண்டுகள் பள்ளியில் தங்க முடியாது, வயிற்றுப்பாடு சீக்கிரம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதை அந்தப் பள்ளிகளை நடத்தியவர்கள் கண்டார்கள். அதனால் குறைந்த காலத்தில் எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்று யோசித்துப் பாடத்தை அமைத்தார்கள். சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் முறை அங்கே வந்தது. சேரிப் பிள்ளைக்கு மூளை போதாது என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், குறை பிள்ளையிடம் இல்லை, சொல்லிக்கொடுக்கும் முறையில் இருக்கிறது என்று அந்தப் பள்ளிகள் காட்டின.

கல்லூரி வாசல்

ராஜா ராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிலும் வெஸ்லி கல்லூரியிலும் படித்தார். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவர் போன பள்ளிகள் எல்லாம் மிஷன் பள்ளிகளாகவே இருந்தது தற்செயல் அல்ல. வேறு வாசல்கள் திறந்திருக்கவில்லை.

கிறிஸ்தவக் கல்லூரியின் தொடக்கத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஓர் உறவு இருக்கிறது. 1837-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் நடத்திய பள்ளிதான் பின்னால் அந்தக் கல்லூரியாக வளர்ந்தது. அதே ஆண்டர்சன் 1839-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. சென்னைப் பள்ளியில் பறையர் வகுப்புச் சிறுவர்களைச் சேர்த்தபோது சாதிப் பிள்ளைகளின் வீட்டார் கொதித்தெழுந்தார்கள். பல பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றார்கள். ஆனாலும் ஆண்டர்சன் சேர்த்த பிள்ளைகளை அனுப்பிவிடவில்லை. பெஞ்சு காலியானாலும் பரவாயில்லை என்று ஒரு தலைமையாசிரியர் எடுத்த முடிவு, அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு ராஜா போன்ற ஒருவர் அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்க இடம் வைத்திருந்தது.

பட்டம் வாங்கிய ராஜா பள்ளி ஆசிரியரானார். அந்த நாளில் ஒரு தலித் பட்டதாரிக்கு அரசு அலுவலகத்திலும் வேலை கிடைத்திருக்கும். அவர் தேர்ந்தது வகுப்பறையை. வகுப்பறையில் நின்றவருக்குத்தான் சில விஷயங்கள் தெரியும். முதல் நாள் நாற்பது பேர் உட்கார்ந்திருந்த வகுப்பில் அறுவடைக் காலம் வந்தால் எத்தனை பேர் மிச்சம் என்பது தெரியும். பாடப்புத்தகத்தில் வரும் வீடு, தெரு, கோயில், கிணறு எல்லாம் யாருடைய வீடு, யாருடைய கிணறு என்பது தெரியும்.

பிள்ளைகளுக்கான புத்தகம்

ராஜா பள்ளிப் பாடநூல்கள் எழுதினார். ஆர்.ரங்கநாயகி அம்மாளுடன் சேர்ந்து 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற புத்தகத்தை உருவாக்கினார். சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கான கைநூல் அது. தமிழ்நாட்டில் பாட்டிமார் வாயிலும் தாய்மார் மடியிலும் வழங்கிய குழந்தைப் பாட்டுகள் வகுப்பறைக்குள் வந்ததில் இந்த நூலுக்குப் பங்கு உண்டு.

இதை ஒரு சின்ன விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. எழுத்தையும் வாய்ப்பாட்டையும் ஒப்பிக்கவைத்து, தவறினால் பிரம்பால் அடிப்பதே படிப்பு என்றிருந்த காலம். வீட்டில் புத்தகம் இருக்கிற பிள்ளை அதைத் தாக்குப்பிடிக்கும். அப்பா அம்மா இருவருக்கும் எழுத்து தெரியாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை முதல் மாதமே மிரண்டு ஓடிவிடும். கை தட்டி, ஆடி, பாடிக் கற்கும் முறை அந்தப் பிள்ளையைப் பள்ளியில் தங்கவைக்கும். தனக்குத் தெரிந்த பாட்டு பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது என்று கண்ட குழந்தைக்கு அது அந்நிய இடமாகத் தோன்றாது. பாடத்திட்டம் என்பது பெரிய சொல். ஒரு குழந்தை தன் வீட்டைப் பள்ளிக்கூடத்தில் பார்க்கிறதா என்பதுதான் அதன் அடிப்படை.

மூடியிருந்த கதவுகளின் கணக்கு

1916-இல் ராஜா ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். தொடக்கக் கல்விக்கான குழுவிலும், உயர்நிலைக் கல்வியை மாற்றியமைப்பதற்கான குழுவிலும் அரசு அவரை உறுப்பினராக வைத்தது. பின்னால் சென்னைப் பல்கலைக்கழக செனட்டிலும் இருந்தார். கல்வியைப் பற்றி முடிவெடுக்கிற மேசையைச் சுற்றி ஒரு சேரி வாத்தியார் உட்கார்ந்தது அன்று சாதாரணமல்ல.

அந்தக் காலத்தின் ஒரு கணக்கைப் பாருங்கள். பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிகளில் பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றி 1919-இல் சென்னை அரசு ஓர் ஆணை வெளியிட்டது. மாகாணத்தில் அப்படிப்பட்ட 8,157 பள்ளிகளில் 609 பள்ளிகள் மட்டுமே அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன என்பது அப்போது வெளியான கணக்கு. நூறு பள்ளிக்கு எட்டுப் பள்ளிகூட முழுதாக இல்லை. இவை தனியார் பள்ளிகள் அல்ல, பொதுப் பணத்தில் நடந்தவை.

மீதிப் பள்ளிகள் எப்படி வெளியே நிறுத்தின? சேர்க்க மாட்டோம் என்று எல்லா இடத்திலும் பலகை தொங்கவில்லை. பள்ளிக்கூடம் அக்ரகாரத்தில் இருந்தது. கோயில் மண்டபத்தில், சத்திரத்தில், சாவடியில் இருந்தது. அந்தத் தெருவில் நடக்கவே உரிமை இல்லாத பிள்ளை பள்ளிக்கூட வாசலை எப்படித் தொடும்? சில இடங்களில் பள்ளி வாடகைக் கட்டடத்தில் நடந்தது. வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்பது போதுமான காரணமாக இருந்தது. சில இடங்களில் சேர்த்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே, திண்ணைக்குக் கீழே உட்காரவைத்தார்கள். கோயிலைச் சுற்றி வளர்ந்த நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு இந்தப் புவியியலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் எங்கே கட்டப்படுகிறது என்பதும் கல்விக் கொள்கைதான். தெருவே மூடியிருக்கும்போது பாடத்திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

1920-இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. கட்டாயக் கல்வியைக் கொண்டுவரும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ராஜா நீதிக்கட்சி சார்பில் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்.

பதிவேட்டில் ஒரு பெயர்

சட்டமன்றத்தில் ராஜா செய்தவற்றில் நாம் மறக்கக் கூடாதது 1922-ஆம் ஆண்டுத் தீர்மானம். பறையர், பஞ்சமர் என்று அரசு ஆவணங்களில் எழுதுவதை நிறுத்தி, தமிழ்ப் பகுதியில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்குப் பகுதியில் ஆதிஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்று அவர் கேட்டார். அரசு அதை ஏற்று 1922 மார்ச்சில் ஆணை பிறப்பித்தது.

பெயர் மாறினால் வயிறு நிறையுமா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். ஒரு வாத்தியாரின் கண்ணால் இதைப் பார்க்க வேண்டும். பள்ளியில் ஒரு பிள்ளையைப் பற்றி முதலில் எழுதப்படுவது சேர்க்கைப் பதிவேடு. அதில் எழுதும் சொல் அந்தப் பிள்ளையின் கூடவே மாற்றுச் சான்றிதழ் வரை போகும். வகுப்பில் ஆசிரியர் கூப்பிடுவதும் அதைப் பார்த்துத்தான். வசவாகப் புழங்கிய ஒரு சொல்லை அரசே கையெழுத்துப் போட்டுப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டினால், அந்தப் பிள்ளை முதல் நாளே தோற்றுவிடுகிறது. இந்த மண்ணின் ஆதிக்குடிகள் என்று சொல்லும் பெயர் அந்தப் பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைக்கும். 1925-இல் ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூலும் இதே வழியில் போனது. நம் மக்களின் பழமையையும் குறைகளையும் கோரிக்கைகளையும் அது ஒன்றாக எடுத்து வைத்தது. அதுவரை நம்மைப் பற்றி அதிகாரிகளும் மிஷனரிகளும் எழுதினார்கள். இப்போது நம்மவர் ஒருவர் நம்மைப் பற்றி எழுதினார்.

தனிப் பள்ளியா, பொதுப் பள்ளியா?

1919-20 வாக்கில் ஒடுக்கப்பட்ட மக்களின் முன்னேற்றத்தைக் கவனிக்க லேபர் கமிஷனர் பதவி உருவாக்கப்பட்டது. அந்தத் துறை சேரிகளில் பள்ளிகள் நடத்தியது. நம் தாத்தா பாட்டிகள் லேபர் ஸ்கூல் என்று சொன்னது இவற்றைத்தான். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது.

ஊர்ப் பள்ளி சேர்த்துக்கொள்ளாதபோது சேரியில் தனிப் பள்ளி வேண்டும். ஆனால் தனிப் பள்ளி வந்துவிட்டதே, இனி ஊர்ப் பள்ளிக்கு ஏன் வருகிறாய் என்று கேட்கவும் அதுவே சாக்காகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தக் காலத் தலைவர்கள் அனைவரும் நடந்தார்கள். ராஜாவும், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் அரசியலில் பலமுறை எதிரெதிரே நின்றார்கள். ஆனால் பொது இடமும் பொதுப் பள்ளியும் நமக்கும் உரியவை என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. தனிப் பள்ளி, உதவித்தொகை, விடுதி ஆகியவை உடனடித் தேவை. பொதுப் பள்ளியில் சமமாக உட்காருவது விட்டுக்கொடுக்க முடியாத உரிமை. ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடுங்கக் கூடாது.

உயர்கல்வியிலும் இதே சிக்கல்தான். காஞ்சிபுரத்துக்காரர்கள் பெருமையோடு சொல்லும் பச்சையப்பர் அறக்கட்டளையின் கல்லூரிகூட நெடுங்காலம் தலித் மாணவர்களைச் சேர்க்காமலே இருந்தது. அந்தக் கதவு 1920-களில் நடந்த வாதங்களுக்குப் பிறகே திறந்தது. அறக்கட்டளை எழுதியவர் தர்மத்துக்கு வைத்த சொத்தில் சாதி வேலி போட்டது பின்னால் வந்தவர்கள்.

நூற்றில் பதினெட்டு

1921-இல் சென்னை பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. தலித் தொழிலாளர்களின் குடிசைகள் எரிந்தன. அப்போது நீதிக்கட்சித் தலைவர்கள் எடுத்த நிலை ராஜாவைக் காயப்படுத்தியது. 1923-இல் அவர் கட்சியை விட்டு வெளியேறினார். 1927 முதல் பத்து ஆண்டுகள் ஒடுக்கப்பட்டோர் சார்பில் டெல்லி மத்திய சட்டசபையில் இருந்தார்.

1928-இல் சைமன் கமிஷன் வந்தபோது, அதனோடு சேர்ந்து வேலை செய்ய சங்கரன் நாயர் தலைமையில் அமைந்த இந்திய மத்தியக் குழுவில் ராஜாவும் ஓர் உறுப்பினர். அதே விசாரணையின் பகுதியாக, சர் பிலிப் ஹார்டாக் தலைமையில் ஒரு துணைக் குழு நாடு முழுவதும் கல்வியை ஆராய்ந்து 1929-இல் அறிக்கை கொடுத்தது. கல்வி ஆராய்ச்சியில் இன்றும் பேசப்படும் அறிக்கை அது. அதன் ஒரு கணக்கு மிகவும் எளிமையானது. 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த நூறு பிள்ளைகளில், மூன்று ஆண்டு கழித்து நான்காம் வகுப்பில் எத்தனை பேர்? பதினெட்டு பேர்தான். மற்ற 82 பேரும் ஒன்று நின்றுவிட்டார்கள், அல்லது ஒரே வகுப்பில் தங்கிவிட்டார்கள். முதலாவதை விரயம் என்றும் இரண்டாவதைத் தேக்கம் என்றும் அந்தக் குழு பெயரிட்டது.

இந்தக் கணக்குக்குப் பிறகு குழு சொன்ன தீர்வுதான் சண்டைக்குரியது. பள்ளிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, இருக்கிற பள்ளிகளைத் தரப்படுத்துங்கள் என்றது அது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தரம் குறைந்த பள்ளி எது? ஒரே வாத்தியார், கூரைக் கொட்டகை, பிள்ளைகள் குறைவு என்ற பட்டியலில் முதலில் வருவது சேரிப் பள்ளிதான். தரம் என்ற பெயரில் அதை மூடினால், அந்தப் பிள்ளை நல்ல பள்ளிக்குப் போவதில்லை, மாடு மேய்க்கத்தான் போகிறது. அளப்பது நல்லது. எதற்காக அளக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தேர்ச்சி விகிதம் காட்டுவதற்காகப் பின்தங்கிய பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே கழித்துக்கட்டும் பள்ளி இந்தக் காலத்திலும் உண்டு. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு என்று வாசலில் தட்டி வைக்கும்போது, ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அந்தத் தட்டி சொல்வதில்லை.

ஒப்பந்தமும் அதன் பிறகும்

ராஜாவின் வாழ்க்கையை எழுதும்போது 1932-ஐத் தாண்டிக் குதிக்க முடியாது. தனித்தொகுதியை ஆதரித்து வந்த அவர், அந்த ஆண்டு இந்து மகாசபையின் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்து, ஒதுக்கப்பட்ட இடங்களுடன் கூட்டுத்தொகுதி என்ற நிலைக்குப் போனார். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் தனித்தொகுதிக்காகப் போராடிய நேரத்தில் இது அவர்களின் கையைப் பலவீனப்படுத்தியது. காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு 1932 செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானபோது தனித்தொகுதி கைவிட்டுப் போயிருந்தது. இதற்காக ராஜா மீது வைக்கப்படும் விமர்சனம் நியாயமானது. அவரை மதிக்கிறவர்களும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாதி இந்துக்களோடு சமரசம் செய்தால் அவர்கள் மனம் மாறுவார்கள் என்ற நம்பிக்கை அந்த ஒப்பந்தத்தின் பின்னால் இருந்தது. அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதையும் அவர் வாழ்க்கையே காட்டுகிறது. 1937 ஏப்ரல் முதல் ஜூலை வரை கூர்மா வெங்கடரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்தார். பிறகு ராஜாஜியின் காங்கிரஸ் ஆட்சியில் உறுப்பினராக இருந்து 1938-இல் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று, சாலை, கிணறு முதலாகப் பொதுப் பணத்தில் நடக்கும் பொது இடங்களிலும் நிறுவனங்களிலும் தலித் மக்களைத் தடுப்பதை ஒழிக்கும் மசோதா. அது நிறைவேறிச் சட்டமானது. இன்னொன்று, மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவு மசோதா. அதை ஆதரிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்த காங்கிரஸ் அரசே எதிர்த்தது. மசோதா தோற்றது. மனமாற்றத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டவருக்கு ஆறே ஆண்டில் கிடைத்த பதில் அது.

1943 ஆகஸ்டில் எம்.சி.ராஜா காலமானார். அப்போது அவருக்கு வயது 60.

இன்றைய நம் கணக்கு

ராஜாவின் காலத்து 8,157 பள்ளி, 609 பள்ளிக் கணக்கு இன்று இல்லை. எந்த அரசுப் பள்ளியும் எந்தப் பிள்ளையையும் சட்டப்படி மறுக்க முடியாது. ஆனால் சேர்ந்த பிள்ளை கடைசி வரை போகிறதா என்ற ஹார்டாக் கணக்கு இன்னும் தீரவில்லை.

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியை எடுத்துக்கொள்ளுங்கள். கோர்வைச் சேலை நெய்ய நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நெடுங்காலம் ஒரு குழந்தையின் கையாக இருந்தது. வீட்டில் கல்யாணம், சாவு, வைத்தியம் என்று முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையைத் தறியில் உட்காரவைத்த குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ. தலித் குடும்பங்கள் அவற்றில் நிறைய. அந்தப் பிள்ளைகளை மீட்டுப் படிக்கவைக்கக் குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளிகள் இங்கே நடந்தன. நிலைமை பெரிதும் மாறியது உண்மை. ஆனால் இடைநின்ற பிள்ளை இன்று தறிக்குப் பதிலாக வேறு இடத்துக்குப் போகிறது. செங்கல் சூளை, கேட்டரிங் வேலை, கம்பெனி ஒப்பந்த வேலை என்று இடம் மாறியிருக்கிறது. கடனுக்கும் படிப்புக்கும் உள்ள முடிச்சு அப்படியே இருக்கிறது.

பெயர்ப் பிரச்சினையும் திரும்ப வந்திருக்கிறது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் உடன்படித்தவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளின் பெயரில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கும் அறிவிப்பை 2023 நிதிநிலை அறிக்கையிலேயே அரசு வெளியிட்டது. 2025-இல் அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். ஒரு காலத்தில் தலைநிமிர்வுக்காகக் கேட்டு வாங்கிய பெயரே, பள்ளி வாசலில் எழுதிவைக்கும்போது பிள்ளையை ஒதுக்கிக் காட்டும் பலகையாகிவிட்டது என்பது வேதனையான உண்மை. பலகையை மாற்றுவது சரிதான். ஆனால் அந்தப் பள்ளிகளுக்கென்று இருந்த நிதியும், இடமும், ஆசிரியர் பணியிடங்களும் இணைப்பில் கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடுங்கக் கூடாது என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

இதற்குப் பெரிய ஆராய்ச்சி நிறுவனம் தேவையில்லை. கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். உங்கள் காலனியில் பத்து ஆண்டுக்கு முன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களை, அந்தந்த வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்களில் பத்தாம் வகுப்பு வந்தது எத்தனை பேர், நின்றது எத்தனை பேர், எந்த வகுப்பில், எந்த மாதத்தில், எதனால் நின்றார்கள் என்று எதிரே குறியுங்கள். பெண் பிள்ளைகளைத் தனியாக எண்ணுங்கள். உதவித்தொகை யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதையும் சேருங்கள். அந்த நோட்டோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் கிராம சபைக்கும் போங்கள். பொத்தாம்பொதுவாகப் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். பெயரையும் எண்ணையும் வைத்துப் பேசினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு சேரி வாத்தியார் நூறு ஆண்டுக்கு முன் கல்விக் குழுவின் மேசைக்குப் போனது, நம் பிள்ளைகளின் கணக்கை நாமே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.